காரைக்குடியிலேருந்து லெகோலேண்டுக்கு: முதல் தடவை பிள்ளைங்களோட போறவங்க என்னென்ன பாத்துக்கணும்

அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேரையும் என் மகளையும் கூட்டிட்டு ஒரு மே மாசம் மலேசியா லெகோலேண்ட் போயிட்டு வந்தோம், வந்ததுலேருந்து தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் போட்டு எப்படிப் போனீங்க, எத்தனை நாள் வேணும், நாலு வயசுப் பிள்ளைக்கு ஆகுமா, வெயில் தாங்குமான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அத்தனை பேருக்கும் போன்ல சொல்லி முடியல, அதனால தெரிஞ்சதை எல்லாம் வரிசையா இங்க எழுதி வைக்கிறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த மாதிரி இடங்களுக்கு ரைடு ஏறுறதுக்குன்னு மட்டும் போனீங்கன்னா பாதிக் காசு வீண். அங்க இருக்குற உண்மையான விஷயம், லெகோ பிரிக்னு சொல்ற, ஒண்ணோட ஒண்ணு கவ்விக்குற விரல் நுனி அளவு பிளாஸ்டிக் துண்டை வச்சு ஒரு ஊரையே எப்படி எழுப்பியிருக்காங்கங்கிறதுதான். அதை நின்னு பாக்கத் தெரிஞ்ச பிள்ளை திரும்பி வந்து ஆறு மாசம் அதையே பேசும், தெரியாத பிள்ளை ஐஸ்கிரீமை மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கும். அதனால நான் சொல்றதுல பாதி, போறதுக்கு முன்னாடி வீட்டுல செய்ய வேண்டிய வேலையாத்தான் இருக்கும்.

எங்க போறோம்னு முடிவு பண்றது

லெகோன்னு போர்டு இருக்குற எல்லா இடமும் ஒண்ணு இல்ல. லெகோலேண்டுன்னா பெரிய தீம் பார்க், ரைடு, மினிலேண்டுங்கிற பிரிக்ல கட்டின குட்டி ஊர், ஹோட்டல் எல்லாம் சேந்தது, ஒரு முழு நாள் வேணும். லெகோலேண்ட் டிஸ்கவரி சென்டர்னு இன்னொண்ணு இருக்கு, அது மால் மாதிரி கட்டடத்துக்குள்ள சின்னதா இருக்கும், மூணுலேருந்து பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்குத்தான் சரி, பேரைப் பாத்துட்டு அதைப் பெரிய பார்க்குன்னு நினைச்சு டிக்கெட் போட்டுடாதீங்க. மூணாவது மியூசியம் மாதிரி இருக்குற லெகோ ஹவுஸ், அது உலகத்துலயே டென்மார்க்ல பில்லுண்டுங்கிற ஊர்ல மட்டும்தான். நாலாவது ஊர் ஊரா சுத்துற கண்காட்சி, அது வந்தா வரும், சில மாசம் இருந்துட்டுப் போயிடும்.

இந்தியாவுல லெகோலேண்ட் கிடையாது. நம்ம பக்கத்துலேருந்து சுலபமா போகக்கூடியது மலேசியாவுல ஜோகூர் பாருகிட்ட இருக்குறதுதான், 2012 செப்டம்பர்ல திறந்தாங்க, ஆசியாவுல முதல் லெகோலேண்ட் அது. அதுக்கப்புறம் துபாய் 2016, ஜப்பான்ல நகோயா 2017, கொரியா 2022, ஷாங்காய் 2025னு வரிசையா வந்துடுச்சு. துபாய்ல சொந்தக்காரங்க இருந்தா அதுவும் நல்லதுதான், ஆனா நம்ம ஊர்ல சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ ஆள் இல்லாத வீடு எது சொல்லுங்க, அதனால நான் அந்த வழியைத்தான் விவரமா சொல்றேன்.

பாஸ்போர்ட், விசா வேலை

திருச்சி ஏர்போர்ட் காரைக்குடியிலேருந்து 90 கிலோமீட்டர் சுமாருக்கு, ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்க. அங்கேருந்து சிங்கப்பூருக்கும் பிளைட் இருக்கு, கோலாலம்பூருக்கும் இருக்கு, ரெண்டும் நாலு மணி நேரம் சுமார். லெகோலேண்ட் இருக்குறது சிங்கப்பூருக்கு எதிர்ல, பாலம் தாண்டினா வந்துடும். கோலாலம்பூர்ல இறங்கினா அங்கேருந்து தெற்கே நாலஞ்சு மணி நேரம் பஸ்ல வரணும். சின்னப் பிள்ளை இருந்தா சிங்கப்பூர் வழிதான் உடம்புக்கு நல்லது.

ஆனா சிங்கப்பூர் வழியா போறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. சிங்கப்பூர்ல இறங்கி, மலேசியா போயி, திரும்ப சிங்கப்பூர் வந்துதான் ஊருக்கு பிளைட் ஏறப் போறீங்கன்னா சிங்கப்பூருக்குள்ள நீங்க ரெண்டு தடவை நுழையுறீங்க. அதனால விசா வந்ததும் அதுல மல்டிபிள்னு போட்டிருக்கான்னு ஒவ்வொரு ஆளுக்கும், கைக்குழந்தைக்கும் சேத்து, தனித்தனியா பாருங்க. ஏஜென்ட்கிட்ட விண்ணப்பம் கொடுக்குறப்பவே மலேசியா போயிட்டு திரும்ப வருவோம்னு சொல்லிடுங்க. மலேசியாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தா 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு 2026 கடைசி வரைக்கும் அறிவிச்சிருக்காங்க, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அது அப்போ நடைமுறையில இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ரெண்டு நாட்டுக்கும் ஆன்லைன்ல அரைவல் கார்டு போடணும், போய்ச் சேர்றதுக்கு மூணு நாளைக்குள்ள போட்டாப் போதும், ரெண்டுமே இலவசம். கூகுள்ல தேடினா மேல வர்றது சிலது காசு கேக்குற சைட்டு, எங்க வீட்டுலயே ஒருத்தர் அப்படித் தலைக்கு இவ்வளவுன்னு கட்டிட்டாரு, அரசாங்க சைட்டுல மட்டும் போடுங்க.

எந்த மாசம், எந்த நாள்

நமக்கு ஸ்கூல் லீவு ஏப்ரல் கடைசியும் மே மாசமும். சிங்கப்பூர்ல பெரிய லீவு ஜூன்லதான் வரும், அப்புறம் நவம்பர் கடைசியிலேருந்து டிசம்பர். அதனால மே முதல் ரெண்டு வாரம் போனா நம்ம பிள்ளைக்கும் லீவு, அங்கயும் கூட்டம் கம்மி. சனி, ஞாயிறு வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாலத்தைத் தாண்டவே கூடாது, சிங்கப்பூர்ல வேலை பாக்குற ஜனம் மொத்தமும் அப்போதான் ஜோகூருக்குப் போகும். செவ்வாய், புதன் மாதிரி நாள்ல போங்க, ஆனா அன்னைக்கு பார்க் திறந்திருக்கான்னு அவங்க காலண்டர்ல பாத்துட்டுப் போங்க.

டிக்கெட்டை வீட்டுலேருந்தே ஆன்லைன்ல எடுங்க, கேட்டுல எடுத்தா விலை கூட. பார்க், வாட்டர் பார்க், சீ லைஃப்னு மீன் பாக்குற இடம், மூணுக்கும் தனித்தனியாவும் இருக்கு சேத்தும் இருக்கு. ஒரே நாள்தான் இருக்குன்னா சேத்து எடுக்காதீங்க, மூணையும் ஓடி ஓடிப் பாத்து ஒண்ணும் மனசுல நிக்காது. ரெண்டு நாள் தங்குறதா இருந்தா ஒரு நாள் பார்க், மறுநாள் காலையில வாட்டர் பார்க், அது நல்லா அமையும்.

சிங்கப்பூர்லேருந்து லெகோலேண்டுக்கே நேராப் போற கோச் பஸ் இருக்கு. ரெண்டு பக்கமும் இமிக்ரேஷன்ல பையைத் தூக்கிட்டு இறங்கி ஏறணும், அதனால பெரிய பெட்டியை சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க வீட்டுலயே விட்டுட்டு ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் எடுத்துட்டுப் போங்க. துவாஸ் பக்கம் இருக்குற ரெண்டாவது பாலம்தான் லெகோலேண்டுக்குக் கிட்ட. உட்லண்ட்ஸ் பக்கம் இருக்குற இன்னொரு பாலம் வழியா போனீங்கன்னா ஜோகூர் பாருல ஜேபி சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி அங்கேருந்து கிராப்ங்கிற ஆப்ல கார் பிடிக்கலாம். ஜோகூர்ல தமிழ் பேசுறவங்க நிறைய இருக்காங்க, பாஷைக்குக் கவலைப்பட வேண்டாம்.

போறதுக்கு முன்னாடி வீட்டுல பண்ண வேண்டியது

இதுதான் நிறையப் பேர் பண்றதே இல்ல. மொதல்ல ஒவ்வொரு பிள்ளையோட உயரத்தையும் சுவத்துல வச்சு அளந்து சென்டிமீட்டர்ல எழுதிக்கங்க, பார்க் சைட்டுல எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம்னு போட்டிருப்பாங்க, அதை வச்சு இது உனக்கு உண்டு, இது அடுத்த தடவைன்னு வீட்டுலயே பேசி முடிச்சிடுங்க. அங்க போயி வரிசையில முக்கால் மணி நேரம் நின்னு அளவுகோல்கிட்ட போயி முடியாதுன்னு சொன்னா பிள்ளை அன்னைக்கு முழுக்க அழும், அண்ணனோட சின்னவன் அப்படித்தான் அழுதான், அவனை சமாதானம் பண்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

அடுத்தது, ஒரு சின்ன டப்பா பிரிக்ஸ் வாங்கி ஒரு மாசம் முன்னாடியே பிள்ளை கையில கொடுங்க. லெகோவே வேணும்னு இல்ல, நம்ம கடைத்தெருவுல கிடைக்குற பில்டிங் பிளாக்ஸ் கூட பழகுறதுக்குப் போதும், என்ன ஒண்ணு பிடிமானம் முன்னப்பின்ன இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே அடுக்கினா செவுரு ரெண்டா பிளந்துடும், கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி இணைப்பு மேல இணைப்பு வராம மாத்தி வச்சாத்தான் நிக்கும்னு அதுங்களே கண்டுபிடிக்கட்டும். பிரிக் மேல புடைச்சிருக்குமே குமிழ், அது நாலு நாலா ரெண்டு வரிசை இருக்குற ஒரே கலர் பிரிக் ரெண்டு எடுத்து எத்தனை விதமா சேக்கலாம்னு கேளுங்க. பிள்ளைங்க எட்டு, பத்துன்னு சொல்லும், கணக்கு 24. மூணு எடுத்தா 1,060. ஆறு எடுத்தா 91,51,03,765. இந்தக் கடைசி நம்பரைச் சொன்னப்போ என் மக நம்பவே இல்ல, ரெண்டு நாள் உக்காந்து மூணு பிரிக்கையே மாத்தி மாத்திப் போட்டு நோட்டுல வரைஞ்சுக்கிட்டு இருந்தா.

அப்புறம் ஒரு நாள், தரையில பதிக்குற பூக்கல்லு பண்ற ஆத்தங்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடி மேல அச்சு வச்சு, அந்த அச்சோட கட்டத்துக்குள்ள கலர் கலவையைக் கரண்டியால ஊத்தி, அச்சை அசையாம தூக்கி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊற வைக்கிறதைப் பிள்ளை கண்ணால பாக்கட்டும். ஒரு கல்லுல பூவோட கால்வாசிதான் இருக்கும், நாலு கல்லு சேந்தாத்தான் முழுப் பூ. சின்ன அச்சுல வந்த ஒரே மாதிரித் துண்டுகளைச் சேத்து பெரிய ஒண்ணைப் பண்றதுங்கிறதை நம்ம பிள்ளைங்க தினமும் காலால மிதிச்சுக்கிட்டுத்தான் நடக்குதுங்க, அதை ஒரு தடவை உக்காந்து பாத்துட்டுப் போனா அங்க மினிலேண்ட்ல கண்ணு வேற மாதிரி பாக்கும்.

பார்க்குக்குள்ள

திறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வாசல்ல இருங்க. குடை, தொப்பி, தண்ணி பாட்டில், ஒரு செட் மாத்துத் துணி. வெயில் நம்ம ஊர் மாதிரி சுள்ளுன்னு இருக்காது, புழுக்கம் ஆளைக் கரைச்சிடும், மதியத்துக்கு மேல மழை வந்தாலும் வரும். வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, தேன்குழலும் சீப்புச் சீடையும் ஹோட்டல் ரூம்ல இருக்கட்டும்.

எல்லாரும் உள்ள போனதும் ரோலர் கோஸ்டர் பக்கம் ஓடுவாங்க. நீங்களும் மொத ஒரு மணி நேரம் பெரிய ரைடு ரெண்டை முடிச்சிடுங்க, அது சரிதான். டிரைவிங் ஸ்கூல்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைங்களே சின்ன கார் ஓட்டி சிக்னல்ல நின்னு போகணும், பெரிய பிள்ளைக்கு ஒண்ணு, அஞ்சு வயசுக்குள்ளவங்களுக்கு ஒண்ணு. அதை விடவே விடாதீங்க, எங்க பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது.

பத்தரை பதினொண்ணுக்கு வெயில் ஏறுறதுக்குள்ள மினிலேண்டுக்கு வந்துடுங்க. இங்க அவசரப்படாதீங்க, குறைஞ்சது ஒன்றரை மணி நேரம். மூணு கோடிக்கு மேல பிரிக்ஸ் வச்சு ஆசியாவோட முக்கியமான இடங்களைக் கட்டியிருக்காங்க, பெட்ரோனாஸ் கோபுரம், சிங்கப்பூர் மெர்லயன், அங்கோர்வாட், நம்ம தாஜ்மகால் எல்லாம் இருக்கு. பொதுவா இருபதுல ஒரு பங்கு அளவு, அதாவது அஞ்சரை அடி ஆளு எட்டு சென்டிமீட்டர் சுமாருக்கு நிப்பாரு. ரொம்ப உயரமான கட்டடத்தை மட்டும் இன்னும் சுருக்கியிருப்பாங்க, பெட்ரோனாஸ் 452 மீட்டர், இருபதுல ஒரு பங்குன்னாலே 22 மீட்டர் வந்துடும், அதைப் பக்கத்துல வச்சா மத்த ஊரெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

எப்படிப் பாக்கணும்னா, நின்னுக்கிட்டு மேலேருந்து பாக்காதீங்க. குத்துக்கால் போட்டு உக்காந்து அந்தப் பொம்மை ஆளுங்க கண்ணு மட்டத்துக்கு வாங்க. தாஜ்மகால் குவிமாடத்தைப் பாருங்க, பிரிக்ல வளைவே கிடையாது, எல்லாம் நேர்கோடு, ஆனா தூரத்துலேருந்து உருண்டையாத் தெரியுது. கிட்டப் போனா ஒவ்வொரு வரிசையும் ஒரு குமிழ், அரைக் குமிழ்னு உள்ள வாங்கி வாங்கிப் போயிருக்கும், நடுவுல கொஞ்சம் வரிசை நேரா ஏறும், மேல போகப் போக சீக்கிரம் சீக்கிரமா உள்ள வாங்கும். அதை மட்டும் எண்ணச் சொல்லி என் மககிட்ட விட்டேன், இருபது நிமிஷம் அசையல, பின்னாடி நாலு குடும்பம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுச்சு. ஜன்னல், கைப்பிடி, தெருவிளக்கு எல்லாத்துலயும் பிரிக்கைப் படுக்க வச்சு, குமிழ் பக்கவாட்டுல பாக்குற மாதிரி சொருகியிருப்பாங்க, அதைக் கண்டுபிடிச்சா ஒரு மார்க்குன்னு போட்டி வைங்க. பொம்மை ஆளுங்களையும் விடாதீங்க, ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு வேலையா நிப்பாங்க. வெயில்லயும் மழையிலயும் நிக்கணும்ல, அதனால இதெல்லாம் பசை போட்டு ஒட்டினதுதான், பெருசா இருக்குறதுக்கு உள்ள இரும்புச் சட்டமும் இருக்கும்.

இன்னொண்ணு, சின்ன லெகோ மனுஷப் பொம்மை, மினிஃபிகர்னு சொல்றது, வீட்டுல இருந்தா ரெண்டு மூணு பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க. லெகோலேண்ட் ஊழியர்கள் பேட்ஜ்ல ஒரு பொம்மை மாட்டியிருப்பாங்க, மாத்திக்கலாமான்னு பிள்ளையையே கேக்கச் சொல்லுங்க, காசே இல்லாம பிள்ளைக்கு ஒரு ஞாபகப் பொருள் கிடைச்சுடும். கூச்சப்படுற பிள்ளைக்கு இது ரொம்ப நல்லது. கடைக்குக் கடைசியாத்தான் போகணும், போறப்பவே ஆளுக்கு எவ்வளவுன்னு தொகை சொல்லிடுங்க, பெரிய பெட்டியை விட உதிரியா அள்ளிக்குற பிரிக்ஸ் இருந்தா அதை வாங்குங்க, ஊருக்கு வந்து அதுதான் உதவும்.

டென்மார்க் போற வாய்ப்பு கிடைச்சா

ஐரோப்பாவுல பிள்ளைங்க செட்டில் ஆனவங்க நம்ம ஊர்ல நிறைய இருக்கீங்க, அவங்களைப் பாக்கப் போறப்போ இதைச் சேத்துக்கங்க. பில்லுண்டு சின்ன ஊர்தான், ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சு ஆசாரி, 1932ல வேலை இல்லாத காலத்துல மர பொம்மை பண்ண ஆரம்பிச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு லெகோன்னு பேரு வச்சாரு, நல்லா விளையாடுங்கிற அர்த்தத்துல வர்ற அவங்க பாஷை வார்த்தை ரெண்டைச் சேத்தது. இப்போ நாம பாக்குற மாதிரி உள்ள குழாய் வச்சுக் கவ்விப் பிடிக்குற பிரிக்குக்கு 1958 ஜனவரி 28ல பேட்டன்ட் எழுதிக் கொடுத்தாங்க. 1960ல மர பொம்மைக் கிடங்கு தீப்பிடிச்சதுக்கு அப்புறம் மரத்தையே விட்டுட்டாங்க. ஃபேக்டரியில வச்சிருந்த மாடல்களைப் பாக்கவே வருஷத்துக்கு 20,000 பேர் வர ஆரம்பிச்சாங்களாம், வேலை நடக்குற இடத்துல இவ்வளவு கூட்டமான்னுதான் அவர் மகன் கோட்ஃபிரட் தனியா ஒரு பார்க் போட்டாரு, 1968 ஜூன் 7 திறந்தாங்க, மொத சீசன்லயே 6,25,000 பேர் வந்துட்டாங்க. அதான் உலகத்துலயே மொத லெகோலேண்ட். குளிர்காலத்துல அது நிறைய நாள் மூடியிருக்கும், அதனால ஏப்ரலுக்கு மேல போங்க.

லெகோ ஹவுஸ் அதே ஊர்ல 2017 செப்டம்பர்ல திறந்தது, 21 பெரிய வெள்ளைப் பிரிக்கை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி கட்டடம், பியார்கே இங்கல்ஸ்ங்கிற கட்டடக் கலைஞரோட கம்பெனி டிசைன். உள்ள நடுவுல 15 மீட்டருக்கு மேல உயரமா ஒரு மரம் நிக்கும், 63 லட்சம் பிரிக்ஸ். மியூசியம்னு பேரே தவிர தொடாதேன்னு போர்டு கம்மிதான், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு நாலு இடம் பிரிச்சு எல்லாத்துலயும் கட்ட வைப்பாங்க. கீழ் தளத்துல பழைய மர பொம்மையிலேருந்து வரிசையா வச்சிருக்காங்க, மேல உலகம் முழுக்க ரசிகர்கள் கட்டினது இருக்கு. போறப்போ ஆறு சிவப்பு பிரிக்கும், உங்களுக்கு மட்டும்னு ஒரு சேர்க்கை அச்சடிச்ச கார்டும் கொடுப்பாங்க, அந்த 91 கோடி கணக்குல உங்க பங்கு அது. டிக்கெட் இல்லாமலே நடு மண்டபத்துலயும் மொட்டை மாடியிலயும் சுத்தலாம். டிக்கெட்டுக்கு நேரம் குறிச்சுத்தான் விடுவாங்க, முன்னாடியே போட்டுடுங்க.

ஊர் சுத்தி வர்ற கண்காட்சி

இதுல கவனம் வேணும். நல்லதுன்னா ரொம்ப நல்லா இருக்கும். நேதன் சவாயான்னு நியூயார்க்ல வக்கீலா இருந்தவர், அந்த வேலையை விட்டுட்டு பிரிக்லயே சிலை பண்றாரு, அவரோட தி ஆர்ட் ஆஃப் தி பிரிக் கண்காட்சி 2012ல சிங்கப்பூர் ஆர்ட்சயின்ஸ் மியூசியத்துல நடந்துச்சு, 80,000 பிரிக்ஸுக்கு மேல வச்சு ஒரு டைனோசர் எலும்புக்கூடு அதுல பேர் போனது. ஆஸ்திரேலியாவுல ரயன் மெக்நாட், பிரிக்மேன்னு கூப்பிடுவாங்க, அவரும் இப்படித்தான். லெகோ கம்பெனியே ஒப்புக்கிட்டு பட்டம் கொடுத்தவங்க உலகத்துலயே ரொம்பக் கொஞ்சப் பேர், அதுல இவரும் ஒருத்தர்.

ஆனா பேரு மட்டும் பெருசா வச்சு ஏமாத்துறதும் உண்டு. ஒரு பெரிய ஊர் மால்ல பிரிக் கண்காட்சின்னு விளம்பரம் பாத்து மூணு மணி நேரம் கார்ல போனோம், உள்ள ஆறு மாடல், மிச்சமெல்லாம் கடை, பிள்ளைங்க தொட்டுப் பாக்க ஒரு டப்பா பிரிக் கூட இல்ல. அதுலேருந்து நான் மூணு கேள்வி கேக்காம கிளம்புறது இல்ல. யார் கட்டினதுன்னு பேர் போட்டிருக்கா? எத்தனை மாடல்னு சொல்லியிருக்கா? பிள்ளைங்க உக்காந்து கட்ட இடம் இருக்கா? மூணுல ரெண்டுக்குப் பதில் இல்லன்னா விட்டுடுங்க.

திரும்பி வந்ததும்

பையைப் பிரிக்குறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களுக்கு ஒரு வேலை கொடுத்துடுங்க, பாத்தது சூடு ஆறாம இருக்கும். நாங்க கொடுத்தது, அய்யா வீட்டை மினிலேண்ட் அளவுல கட்டுறதுக்கு என்ன வேணும்னு கணக்குப் போடுறது. முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் 120 அடி, இருபதால வகுத்தா ஆறடி, கட்டில் நீளம். ஒரு குமிழுக்கு 8 மில்லிமீட்டர், அப்போ நீளத்துக்கு 228 குமிழ். வளவுன்னு சொல்ற நடு முற்றத்துத் தூண் 12 அடி, அது 18.3 சென்டிமீட்டர் வருது, ஒரு பிரிக் உயரம் 9.6 மில்லிமீட்டர், ஆக ஒரு தூணுக்கு 19 பிரிக். ஆத்தங்குடிக் கல்லு எட்டு அங்குலம், இருபதால வகுத்தா ஒரு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு குமிழ். அப்படின்னா வளவுல இருக்குற ஒரு கல்லுக்கு ஒரு சின்ன பீஸ்னு அப்படியே வச்சுட்டுப் போகலாம்னு பெரியவன்தான் மொதல்ல சொன்னான், சொல்லிட்டு நேரா வளவுக்கு ஓடிப் போயி தரையில உக்காந்து கல்லை எண்ண ஆரம்பிச்சுட்டான், மத்த ரெண்டும் பின்னாடியே போச்சுங்க, அப்பத்தா என்னடா தொலைச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே டார்ச் எடுத்துட்டு வந்தாங்க.

முழு வீடு கட்ட எங்ககிட்ட பிரிக் இல்ல, வளவோட ஒரு மூலையும் நாலு தூணும்தான் ஆயிருக்கு. தரையில சிவப்பும் பச்சையும் சரியா வந்துடுச்சு, கல்லு ஓரத்துல ஓடுற அந்த மஞ்சக் கோட்டுக்குத்தான் பீஸ் பத்தல, அடுத்து யார் சிங்கப்பூர் போறீங்களோ வரும்போது மஞ்சள்ல ஒத்தைக் குமிழ் பீஸ் ஒரு கப் வாங்கிட்டு வாங்க.